சிறுநீரக நோயில் ஊரும் தூரமும் செய்யும் வேலை

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 1.4 மில்லிகிராம் என்று ஆய்வுகூட அறிக்கை வந்தால், அது யாருடைய 1.4 என்பதுதான் முதல் கேள்வி. 25 வயது ஆணென்றால், 2021 ஆம் ஆண்டின் சூத்திரப்படி சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 70 மில்லிலீற்றருக்குச் சற்று மேல் வரும். 65 வயதுப் பெண்ணுக்கு அதே 1.4 வெறும் 42தான். அது மூன்றாம் நிலை நோய். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவதால், மெலிந்த வயதான பெண்களின் இலக்கம் எப்போதும் நல்லதாகவே தோன்றும். "கொஞ்சம்தான் கூட" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் அவர்களே அதிகம்.

இந்தக் கணக்கில் இனமும் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் 2009 இல் வந்த சூத்திரம், கறுப்பினத்தவரென்றால் விடையை 1.159 ஆல் பெருக்கியது. உண்மையில் 18 உள்ளவர் காகிதத்தில் 21 ஆனார். அங்கே மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம், டயலிசிஸ் (இரத்தத்தைச் செயற்கையாகச் சுத்திகரிப்பது) தொடங்காதவருக்கு வடிகட்டும் அளவு 20 அல்லது அதற்குக் கீழே இறங்கிய பிறகுதான் எண்ணப்படும். ஒரு பெருக்கல் அவரை அந்தக் கணக்குக்கு வெளியே நிறுத்தியது. 2021 இல் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கும் விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மேற்கு ஆபிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் ஒரு மரபணு வகை, கறுப்பினத்தவரிடம் இந்த நோய் கூடுதலாக இருப்பதன் ஒரு பகுதியை விளக்குகிறது. மீதி, தாமதமாக நிபுணரிடம் போவதும் காப்புறுதியும் வீட்டு விலாசமும்.

இலங்கையில் எங்களிடம் அப்படியொரு பெருக்கல் எண் கிடையாது. விலாசம் இருக்கிறது.

திருகோணமலை மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு வேறு நோய்கள் உண்டு. நகரத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் பெரும்பாலும் நீரிழிவும் பிறஷரும் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. மேற்கே, பதவி ஸ்ரீபுர போன்ற வயல்வெளிப் பிரதேசங்கள் 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோயின் வலயத்தோடு சேர்ந்தவை. இரண்டும் எதிரெதிர் வழியில் ஏமாற்றும். நீரிழிவில் முதலில் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியும், கிரியேட்டினின் பல வருடம் நல்லதாகவே நிற்கும். ஆகவே "கிரியேட்டினின் நோர்மல்" என்பது நீரிழிவுக்காரருக்கு ஆறுதல் அல்ல. சிறுநீர் அல்புமின் - கிரியேட்டினின் விகிதம் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். விவசாயிகளின் நோய் நுண்குழாய்களைத் தாக்குவது. அதில் புரதம் கொஞ்சமாகக் கசியும், அல்லது கசியவே கசியாது. வீக்கமும் பிறஷரும் கடைசியில்தான் வரும். சிறுநீரில் பட்டியைத் தோய்த்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்றால் நம்பிவிடக் கூடாது. இங்கே இரத்தக் கிரியேட்டினின்தான் பேசும். தவறான ஊரில் தவறான சோதனை செய்து நிம்மதியடைவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

வெயிலில் வேலை செய்துவிட்டு உடம்பு நோவுக்கு பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுவது இரண்டு கூட்டத்துக்கும் பொது. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்துக்குள் வரும் இரத்தத்தைக் குறைக்கும். கசாயத்தில் ஈஸ்வரமூலி சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகத் தழும்பாக்கும்.

பிந்தி வந்தால் என்ன நடக்கும்? கையில் ஃபிஸ்டுலா (டயலிசிஸ் ஊசி ஏற்ற நாடியையும் நாளத்தையும் இணைப்பது) செய்ய நேரம் இருக்காது. அது ஊசி ஏற்றும் அளவுக்குப் பழுக்க ஆறு கிழமையிலிருந்து மூன்று மாதம் வரை எடுக்கும். அதுவரை கழுத்தில் கதீட்டர் என்ற குழாய், அதன் வழியே கிருமி. வடிகட்டும் அளவு 30க்குக் கீழே இறங்கிய நாளிலிருந்தே, எழுதாத கையில் இரத்தம் எடுக்கவோ கனுலா போடவோ விடாதீர்கள். எந்த வைத்தியசாலையானாலும் மற்றக் கையை நீட்டுங்கள்.

டயலிசிஸ் தொடங்கிய பிறகு, தூரம் நேரடியாகவே உயிரோடு விளையாடும். ஒரு முறைக்கு நான்கு மணித்தியாலம், கிழமைக்கு மூன்று முறை என்பது வழமையான அளவு. இரண்டு முறை மட்டும் கிடைப்பவருக்கு ஒரு இடைவெளி நான்கு நாளாகும். மரணங்கள் கூடுவது நீண்ட இடைவெளியின் முடிவில்தான்: பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும், அல்லது நீர் நுரையீரலில் தேங்கும். இயந்திரம் பாதுகாப்பாக எடுக்கக்கூடிய நீர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலீற்றர் அளவு. 50 கிலோ மனிதருக்கு நான்கு மணித்தியாலத்தில் 2.6 லீற்றர். மூன்றரை லீற்றரோடு வந்தால், ஒன்றில் பிறஷர் விழும், இல்லாவிட்டால் மீதி நீரோடு வீடு போக வேண்டும். முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லீற்றர், அவ்வளவுதான் குடிக்கலாம். சொதியும் தேநீரும் இதில் அடங்கும். கருவாடு தின்றால், அந்த உப்பின் தாகத்தில் இந்தக் கணக்கு எவராலும் காப்பாற்றப்படாது.

மார்கழி, தை மழைக்கு மகாவலி பெருகி வெருகல், மூதூர்ப் பக்கம் வீதி மூழ்கும்போது முறை தவறும். 2009 இல் கிண்ணியாப் பாலம் வந்தபின் ஒரு தடை நீங்கியது, எல்லாம் நீங்கவில்லை. வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் டயலிசிஸ் பிரிவுக்கு அழைத்து முறையை ஒருநாள் முன்னுக்கு எடுக்கக் கேளுங்கள். பொட்டாசியம் நிறைந்த இளநீர், வாழைப்பழம், கீரைச் சாறு அந்த நாட்களில் வேண்டவே வேண்டாம். வேறு ஊர் வைத்தியசாலையில் ஏற நேர்ந்தால், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. முடிவுகள் கையில் இல்லாமல் இயந்திரத்தில் ஏற்றமாட்டார்கள். உலர் எடை (மிகை நீர் இல்லாத எடை), இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் அளவு, கடைசிப் பொட்டாசியம், இந்த முடிவுகள் எல்லாம் ஒரே தாளில் பொலித்தீன் உறைக்குள் இருக்கட்டும். தாள் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்காக அந்தத் தாள்தான் பேசும்.

வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுத்து, வீட்டில் செய்யும் வயிற்று டயலிசிஸ் தூரத்து ஊர்களுக்கு உண்மையான மாற்று. நாளுக்கு இரண்டு லீற்றர் பை நான்கு, மாதத்துக்கு 120 பை. அத்தனையையும் வெள்ளம் ஏறாத உயரத்தில் வைக்க இடமும், பை மாற்றும்போது கிருமி புகாமல் மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்தக்கூடிய ஒரு அறையும் தேவை. வெளியே வரும் நீர் கலங்கினால் அன்றே வைத்தியசாலை.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்குத் தூரம் வேறு வடிவில் வரும். உடல் மாற்றுறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் டக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவை, காலை மாத்திரைக்கு முன், முந்தைய இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்க்க வேண்டும். கண்டி கிளினிக்குக்கு விடியமுன் பஸ் ஏறுகிறவர், பசியோடு போகக்கூடாதென்று வழியில் சாப்பிட்டு மாத்திரையையும் போட்டுவிடுவார். முடிவு பொய்யாக உயர்ந்து வரும், வைத்தியர் மருந்தைக் குறைப்பார், சில கிழமைகளில் உடல் உறுப்பை நிராகரிக்கத் தொடங்கும். காலை மாத்திரையைத் தனி உறையில் கொண்டுபோய் இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முந்தைய இரவு மாத்திரை போட்ட நேரத்தையும், இரத்தம் எடுத்த நேரத்தையும் கிளினிக் கொப்பியில் தாதியைக் கொண்டு எழுதுவியுங்கள்.