கீமோவுக்குப் பின் காய்ச்சலா? மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்

கீமோ முடிந்து வீடு திரும்பிய ரத்தப் புற்றுநோயாளி, காய்ச்சல் கண்டதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக்கையும் பாராசிட்டமாலையும் இரண்டு மூன்று நாள் விழுங்கிப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் சரிந்த பிறகு எங்கள் வார்டுக்கு வந்து சேர்வது இந்த மாதமும் நடந்தது. இனியும் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ரத்த கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்து, மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்கூடக் கேட்காது என்று அறிக்கை வரும்போது உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இவர் அதிகம் மாத்திரை சாப்பிடுகிற ஆளே இல்லையே, இவருக்கு எப்படி மருந்து கேட்காமல் போகும்?" மருந்தை எதிர்க்கப் பழகியது கிருமி, இவருடைய உடம்புக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஊரெல்லாம் தேவையின்றி விழுங்கிய மருந்துகளுக்கிடையே பிழைத்துப் பெருகிய பாக்டீரியா, தண்ணீர் வழியாகவோ, உணவு வழியாகவோ, மருத்துவமனையில் தங்கியபோது யாரோ ஒருவரின் கழுவாத கை வழியாகவோ, ஆன்டிபயாடிக்கைத் தொட்டே அறியாதவரின் குடலிலும் குடியேறும். மருந்தை முறிக்கும் மரபணுவைப் பக்கத்திலிருக்கும் வேறு வகைக் கிருமிக்கும் அது கைமாற்றிவிடும். நல்ல உடல்நிலையில் உள்ளவர் அதைச் சுமந்து திரிந்தாலும் எந்தத் தொல்லையும் தெரியாது. கீமோவால் குடலின் உட்சுவர் புண்ணாகி, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையும் (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில்) 500க்குக் கீழே இறங்கும் நாள்களில்தான் அது ரத்தத்துக்குள் நுழைகிறது. மருந்தை முறிக்கும் என்டிஎம் என்ற நொதியைச் சுரக்கும் கிருமியென்றால், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற விலையுயர்ந்த ஆன்டிபயாடிக்கே தனியாக வேலை செய்யாது, அஸ்ட்ரியோனம் என்ற இன்னொன்றும் சேர்க்க வேண்டும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தாலோ, அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதன்முன் கடைக்காரர் எடுத்துத் தரும் மாத்திரை எம்மாத்திரம்?

வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். வாயில் வைத்துப் பார்க்கையில் ஒரே ஒருமுறை 101 டிகிரி காட்டினாலும், 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும், அதற்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். நீங்களாக விழுங்கிய மாத்திரை, நோயைத் தீர்க்காமலே கல்ச்சரில் கிருமி வளர்வதைக் கெடுத்துவிடலாம். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே தெரியாமலும் போகலாம் என்பதால், குளிர் நடுக்கமோ, தலைசுற்றலோ, சோர்ந்துபோய்ப் பிதற்றுவதோ கண்டாலே போதும், கிளம்பிவிடுங்கள். சீழ் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள், சீழ் கட்டுவதற்கே வெள்ளணுக்கள் வேண்டும். குடலின் புண் வழியே கிருமி ரத்தத்துக்குள் நுழையலாம் என்பதால், மலச்சிக்கலுக்கு எனிமா கொடுக்கவே கூடாது.

தொலைவிலிருந்து வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களிடம் வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆகுமானால், அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கே முதலில் போய், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து, காய்ச்சல் என்று சொல்வதற்கு முன்பே கீமோ எடுத்த தேதியைச் சொல்லுங்கள். முதல் ஊசி ஏறிய பிறகு அங்கிருந்தே எங்கள் வார்டுக்கு ஃபோன் செய்யச் சொல்லுங்கள்.