தன்மதிப்பு: மதிப்பெண்ணோடு குழம்பிப்போன சொல்

பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சில் 'செல்ஃப் எஸ்டீம்' என்ற சொல் தவறாமல் வருகிறது. தமிழில் இதைச் சிலர் தன்னம்பிக்கை என்கிறார்கள், சிலர் சுயமரியாதை என்கிறார்கள். இரண்டுமே நல்ல சொற்கள். ஆனால் இதற்கு உரியவை அல்ல.

'எஸ்டீம்' பிறந்தது 'ஏஸ்டிமாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து. விலை மதிப்பது என்று பொருள். வீடு கட்டுமுன் மேஸ்திரியிடம் கேட்கிறோமே, அந்த 'எஸ்டிமேட்'டுக்கும் இதுவே வேர். 1890-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதை ஒரு வகுத்தல் கணக்காகவே எழுதினார்: அடைந்ததை, அடைய நினைத்ததால் வகுத்தால் வருவதே செல்ஃப் எஸ்டீம். 600-க்கு 480 வாங்கிய பெண் ஏன் அழுகிறாள் என்பது இதில் விளங்கிவிடும். அவள் மனத்தில் இருந்தது 580. அந்த எண்ணை அவளுக்குள் வைத்தது யார் என்பதுதான் நம்மை உறுத்த வேண்டிய கேள்வி.

1965-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பர்க், நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து, செல்ஃப் எஸ்டீமை அளக்க 10 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். இன்றும் அது உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. அவர் பார்வையில் இது பிறரைவிட உயர்ந்தவன் என்ற நினைப்பு அல்ல, 'நானும் மதிப்புள்ள ஆள்தான்' என்ற நிறைவு. ஆகவே செருக்கு வேறு, இது வேறு.

தன்னம்பிக்கை செயலைப் பற்றியது: 'என்னால் முடியும்.' முடியாமல் போன நாளிலும் மிச்சம் நிற்பதல்லவா நாம் தேடும் பொருள்! சுயமரியாதையோ, 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தோடு சேர்ந்து, பிறர் செய்யும் இழிவுக்குப் பணியாத நிமிர்வைக் குறிக்கும் சொல்லாக வேரூன்றிவிட்டது. அதன் வலிமையை நீர்க்கச் செய்ய வேண்டாம்.

எனவே தன்மதிப்பு என்பதே சரி. தன்னைத் தானே மதித்தல். லத்தீன் சொல்லைப் போலவே நம் 'மதி'யும் அளவிடுவதையும் போற்றுவதையும் சேர்த்தே சொல்கிறது. மதிப்பு, மதிப்பீடு, மதிப்பெண் எல்லாம் ஒரே வேர். சிக்கலும் இங்கேதான்: பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் காதில் மதிப்பும் மதிப்பெண்ணும் ஒன்றாகிவிடுகின்றன.

தேர்வுத்தாளை நீட்டும் பிள்ளையிடம் "இவ்வளவுதானா?" என்றால் இரண்டையும் ஒட்டவைக்கிறோம். "எந்தக் கணக்குல மாட்டிக்கிட்டே, காட்டு பார்ப்போம்" என்றால் எண் தாளிலேயே நின்றுவிடும். பிள்ளை நம் பக்கத்தில் வந்து உட்காரும்.