கோதுமையை நிறுத்துவதற்கு முன் ரத்தம் கொடுங்கள்

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது. வாரத்தில் மூன்று நாலு நாள் வயிற்றுப்போக்கு. இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, "கேஸ்தான்" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இந்த நேரத்தில் தெரிந்தவர் யாராவது, "கோதுமையை விட்டுப் பாருங்க" என்பார். விட்டதும் வயிறு லேசாகும். ஆறு மாதம் கழித்து, எதற்கும் பார்த்துவிடலாம் என்று செலியாக் பரிசோதனை எடுப்பார்கள். நெகட்டிவ் என்று வரும். அந்த நெகட்டிவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தைக் கண்டு நம் எதிர்ப்பு சக்தி சிறுகுடலையே தாக்குவதுதான் செலியாக் நோய். குடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப்போகின்றன. இரும்பு, ஃபோலேட், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் உள்ளே இறங்காமல் வெளியேறுகின்றன. ரத்தப் பரிசோதனை அளப்பது இந்தத் தாக்குதலில் உண்டாகும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி)த்தான். குளூட்டன் நின்றால் அதுவும் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வந்து இயல்பு அளவுக்குள் போய்விடும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்ததற்கான தடயமே மறைந்துவிடும்.

கோதுமையை விட்டதும் சுகமானதே போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள அதே சத்துதான். எரிச்சல் குடல் (ஐ.பி.எஸ்.) உள்ளவர்களுக்கு உப்பசம் தருவது பெரும்பாலும் இதுதான். அவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலே போதும். செலியாக் என்றால் வாழ்நாள் முழுக்க ஒரு துணுக்குகூடக் கூடாது, எலும்பு அடர்த்தியைப் பார்க்க வேண்டும், கூடப்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும். எது என்று தெரியாமல் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டில் இது அரிதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், வடக்கே கிட்டத்தட்ட 100 பேரில் ஒருவருக்கு இந்த எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே 1000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு எல்லாப் பகுதியிலும் மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வேறுபாட்டுக்குக் காரணம் தட்டில் இருக்கலாம்: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். இன்று நம் வீடுகளில் சர்க்கரைக்காக இரவில் சப்பாத்தி, பிள்ளைகளுக்கு பிஸ்கட், நூடுல்ஸ், வாரக் கடைசியில் பரோட்டா. அதனால் 'நாம் சோறு சாப்பிடுகிறவர்கள், நமக்கு வராது' என்று தள்ளிவிடக் கூடாது. காரணம் தெரியாத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளை, ஓயாத வாய்ப்புண், முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் நீர்க்கொப்புளம், டைப் 1 சர்க்கரை, தைராய்டு கோளாறு இவற்றில் ஏதாவது ஒன்றோடு வயிற்றுத் தொந்தரவும் சேர்ந்தால் கேட்டு வாங்கிப் பரிசோதிக்க வேண்டியதுதான்.

முதலில் எடுக்க வேண்டியது, முன்னே சொன்ன எதிர்ப்பொருளை அளக்கும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. வெறும் வயிறு தேவையில்லை. ஐ.ஜி.ஏ. என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. அதோடு 'மொத்த ஐ.ஜி.ஏ.' அளவையும் சேர்த்து எழுதித்தரச் சொல்லுங்கள். செலியாக் உள்ளவர்களில் 100-க்கு 2, 3 பேருக்கு உடம்பில் ஐ.ஜி.ஏ.வே போதுமான அளவு இருக்காது. அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். அப்போது ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளை அளக்கும் செலியாக் பரிசோதனைக்குப் போக வேண்டும். செலவை மிச்சப்படுத்தப் பலரும் விட்டுவிடுவது இந்த மொத்த ஐ.ஜி.ஏ.வைத்தான். ஆனால் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று, நூறு இருநூறு உணவுகளைப் பட்டியலிட்டு எது ஒத்துக்காது என்று சொல்லும் ஐ.ஜி.ஜி. பேனலுக்குப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் அடிக்கடி எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

ரிப்போர்ட்டில் வெறும் எண்ணைப் பார்க்காமல், அந்த லேபின் மேல்வரம்பைப் போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். வரம்பை லேசாகத் தாண்டியிருந்தால் கல்லீரல் நோய் போன்ற வேறு காரணமும் இருக்கலாம். 10 மடங்குக்கு மேல் போனால் செலியாக் என்பது ஏறக்குறைய உறுதி. குழந்தைகளுக்கு அந்த அளவு வந்து, வேறொரு முறை எடுத்த ரத்தத்தில் ஈ.எம்.ஏ. என்ற இன்னொரு எதிர்ப்பொருள் பரிசோதனையும் பாசிட்டிவ் ஆனால், குடலில் சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி இல்லாமலே முடிவு சொல்லலாம் என்கிறது 2020-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் குழந்தைகள் வழிகாட்டுதல். பெரியவர்களுக்கு இன்னும் பெரும்பாலும் எண்டோஸ்கோபி செய்துதான் உறுதிப்படுத்துகிறோம்.

எண்டோஸ்கோபியில்தான் தவறு அதிகம் நடக்கிறது. 'கேஸ்' என்று எழுதி அனுப்பினால் இரைப்பையைப் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்துவிடுவார்கள். செலியாக் நோயிலும் முன்சிறுகுடல் கண்ணுக்கு இயல்பாகத் தெரியலாம். அதனால் 'செலியாக் சந்தேகம், முன்சிறுகுடல் பயாப்ஸி' என்று சீட்டிலேயே இருக்க வேண்டும். முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது 4 துண்டு, அதன் தொடக்கக் குமிழிலிருந்து ஒன்றிரண்டு. தேய்வு திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரே துண்டு எடுத்தால் தேயாத இடம் அகப்பட்டுவிடலாம். துண்டு சாய்ந்து வெட்டப்பட்டால் நல்ல உறிஞ்சியும் குட்டையாகத் தெரியும்.

உறிஞ்சி தேய்ந்திருந்தாலே செலியாக் என்று முடிவு கட்டவும் கூடாது. நம் பக்கம் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோய், ஜியார்டியா கிருமி, ஓல்மிசார்ட்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை என்று வேறு காரணங்களும் உண்டு. டி.டி.ஜி. நெகட்டிவாக இருந்து உறிஞ்சி மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் இவற்றைத்தான் தேட வேண்டும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் என்ன செய்வது? மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும். 30 கிராம் மாவில் இட்ட சப்பாத்தி ஒன்றில் சுமார் 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். தினம் இரண்டு சப்பாத்தி, 6 முதல் 8 வாரம். தாங்கவே முடியவில்லை என்றால் குறைந்தது இரண்டு வாரம். அதுவும் முடியாதவர்களுக்கு எச்.எல்.ஏ. மரபணுப் பரிசோதனை ஒரு வழி. டி.க்யூ. 2, டி.க்யூ. 8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் செலியாக்கை மறந்துவிடலாம். இருந்தால் நோய் என்று அர்த்தமில்லை. மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை வேகமாகக் குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும்.

உறுதியானபின் இட்லி, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, தினை எல்லாம் இருக்கிற நம் சமையலறை பெரும் ஆறுதல். ஆனால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் என்று தினமும் அது உள்ளே போகும். மால்ட் பானங்களில் பார்லி. சம்பா ரவையும் கோதுமைதான். மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால், இயந்திரத்தில் தங்கிய மாவு உங்கள் அரிசி மாவோடு வந்துவிடும். வீட்டு மிக்ஸியில் அரைப்பது நல்லது. 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட, நம் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் மறுபடி டி.டி.ஜி. பாருங்கள், எண் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் வீட்டிலோ ஹோட்டலிலோ எங்கோ கோதுமை கலக்கிறது. பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும், தொந்தரவே இல்லாவிட்டாலும், அவர்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இந்த ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள்.