நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது யாருடைய கற்பனை?

வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவி பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது பேராசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 'இவள் தேறமாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்' என்று நினைத்தவள், அதன்பின் அவருடைய ஆய்வகத்தின் பக்கமே போகவில்லை. மாணவர் ஆலோசகராக இப்படிப்பட்ட பிள்ளைகளை ஓயாமல் பார்க்கிறேன். இம்முறை எனக்குப் பொறுக்கவில்லை. 'சமூகம் ஒரு கண்ணாடி. மற்றவர்கள் சொல்வதுதான் நீ. சமூகவியலே அப்படித்தான் சொல்கிறது' என்று ஏதோ ஒரு பயிலரங்கில் அவளுக்குப் பாடம் வேறு நடத்தியிருக்கிறார்கள்.

சமூகவியல் அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கண்ணாடி உவமையை 1902இல் வெளியான தன் நூலில் கையாண்டவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சமூகவியலாளர் சார்ல்ஸ் ஹார்ட்டன் கூலி. பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அதை அவர்கள் எப்படி எடைபோடுவார்கள் என்றும் கற்பனை செய்கிறோம். பிறகு பெருமிதமோ அவமானமோ வருகிறது. முதல் இரண்டுமே கற்பனை என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது படியைக் காட்டக் கண்ணாடி உவமை போதாது என்று கூலியே எழுதியிருக்கிறார். கண்ணாடி தீர்ப்புச் சொல்லாது. அடுத்தவர் மனதில் இருப்பதாக நாமே ஏற்றிவைத்த தீர்ப்புக்குத்தான் கூசிப்போகிறோம். அதை விட்டுவிட்டு உவமையை மட்டும் பிடித்துக்கொண்டு வகுப்பெடுப்பது பொறுப்பற்ற செயல்.

எதிரில் இருப்பவர் யார் என்பதும் முக்கியம். நேர்மையானவர் முன் மழுப்பலாகப் பேசவும், துணிச்சல்காரர் முன் கோழையாகத் தெரியவும் வெட்கப்படுகிறோம் என்கிறார் கூலி. எல்லாப் பார்வைக்கும் ஒரே எடை கிடையாது.

அதற்காக, 'யாரைப் பற்றியும் கவலைப்படாதே' என்று அறிவுரை சொல்லிவிடாதீர்கள். அதையும் அவர் ஏற்கமாட்டார். தன் குழந்தைகளையே கூர்ந்து கவனித்தவர் அவர். பொம்மைக்காகச் சண்டையிடும்போதுதான் 'என்னுடையது' என்ற சொல் குழந்தையிடம் வலுப்படுகிறது. பிறர் இல்லாமல் 'நான்' உருவாவதில்லை. குடும்பம், விளையாட்டுத் தோழர்கள், அக்கம்பக்கம் ஆகியவற்றை 1909இல் அவர் முதன்மைக் குழுக்கள், அதாவது நம்மை முதலில் உருவாக்கும் நெருக்கமான வட்டங்கள், என்றதும் இதனால்தான்.

பெற்றோரே, 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று மிரட்டுவதை இன்றே நிறுத்துங்கள். அந்த நாலு பேர் யார் என்று பிள்ளை கேட்டால் பெயர் சொல்ல முடியுமா? ஆசிரியர்களே, மாணவர் பேசும்போது முகத்தைப் பாருங்கள். நேரமாகிவிட்டதென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒருவர் உங்களைத் தாழ்வாக நினைக்கிறார் என்று தோன்றினால், விலகிப்போகும் முன் அவரிடமே ஒருமுறை கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.