வார்டில் 26 நாள், இ.எஸ்.ஐ. கணக்கில் 12 நாள்

அரசு மருத்துவமனைகளில் தூய்மைப் பணி, காவல், வார்டு உதவி எல்லாம் இன்று பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்களை நம்பித்தான் நடக்கிறது. சம்பள உயர்வும் பணி நிரந்தரமும் தொழிற்சங்கங்கள் முன்வைக்கும் முதல் கோரிக்கைகள். அந்தப் போராட்டம் நடக்கட்டும். அது முடியும்வரை, சட்டப்படி இன்றைக்கே கிடைக்க வேண்டிய காசு எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதல் ஓட்டை, நாள் கணக்கு. தொழிலாளி மாதம் 26 நாள் டியூட்டி பார்த்திருப்பார். காண்ட்ராக்டர் இ.எஸ்.ஐ.க்கு, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு, அனுப்பும் கணக்கில் 12 நாள் என்று இருக்கும். கையில் வரும் சம்பளம் சரியாக இருந்தால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை வாங்க, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் கணக்கில் இருக்க வேண்டும். மாதம் 12 நாள் என்றால் ஆறு மாதத்துக்கு 72. ஆறு நாள் குறைந்ததால் உதவித்தொகை மொத்தமும் போச்சு.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அதாவது மே மாதம் குறைத்துக் காட்டிய நாள், பிப்ரவரியில் காய்ச்சலில் படுக்கும்போதுதான் அடிக்கும். சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைத்திருக்க வேண்டிய தொகை அது. கர்ப்பிணித் தொழிலாளிக்கு இழப்பு இன்னும் பெரிது. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் கணக்கில் இருந்தால்தான் 26 வாரச் சம்பளம்.

சரிபார்க்க அலைய வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டாளருக்கான பகுதியில் உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு நுழைந்தால், மாதவாரியாக எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று தெரியும். பக்கத்தை அப்படியே படம் எடுத்து வையுங்கள். இன்னொரு பக்கம், தினமும் எந்த வார்டு, எந்த ஷிஃப்ட், எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். டபுள் டியூட்டி பார்த்த நாளைத் தனியாகக் குறியுங்கள். அந்த நேரம், வேலைக்கே வராத வேறொருவர் பெயரில் ஏறிவிட்டால், பின்னால் நிரூபிக்க அந்த நோட்டுதான் துணை.

இரண்டாவது, பிடித்தம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 90. கையில் 10,470 வர வேண்டும். முதலாளி தன் பங்காக பி.எஃப்.க்கு 1,440 கட்ட வேண்டும். அதில் 1,000 ஓய்வூதியக் கணக்குக்கும் 440 உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகும். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், அதாவது 390, அவர் தலையில். இந்த 1,440-ஐயும் 390-ஐயும் சேர்த்து உங்கள் கூலியிலேயே கழித்துவிட்டு 8,640 கொடுப்பது சட்டவிரோதம். ‘மொத்த டெண்டர் தொகையில் எல்லாம் அடக்கம்’ என்று சூப்பர்வைசர் சொன்னாலும் சட்டவிரோதம்தான். அடிப்படைச் சம்பளத்தை 6,000 என்று காட்டி, மீதியை எல்லோருக்கும் ஒரேபோல் ‘அலவன்ஸ்’ என்று பிரிப்பதும் செல்லாது. எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் படிக்கும் பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பதிவு செய்த செல்போனிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய பி.எஃப். தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். எனவே 20-ம் தேதி வாக்கில் பாருங்கள்.

காண்ட்ராக்டர் மாறும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருக்கும்போதே புதிதாக ஒன்று எடுத்துவிடுகிறார்கள். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுச் சேவை தேவை. வெவ்வேறு காண்ட்ராக்டரிடம் பார்த்த வேலையும் ஒரே யு.ஏ.என்.னில் இருந்தால் கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஓய்வூதியத் தொகையைக் கையில் வாங்கிக்கொண்டால், பத்து வருஷமும் அதே மருத்துவமனையில் தரை துடைத்தவருக்குக்கூட சேவை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய காண்ட்ராக்டர் வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் போடலாம்.

இதையெல்லாம் கேட்டால் அலுவலகத்தில் வரும் பதில், ‘அது காண்ட்ராக்டர் விஷயம்’. இல்லை. மருத்துவமனை நிர்வாகம் முதன்மை வேலையளிப்பவர். காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது, பி.எஃப். பணத்துக்கும் அப்படியே. கொடுத்த பணத்தைக் காண்ட்ராக்டரின் பில்லில் கழித்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. ஆகவே சங்கம் எழுதும் மனு டீனுக்கோ மருத்துவக் கண்காணிப்பாளருக்கோ நேராகப் போக வேண்டும். ‘எங்களுக்குச் சரியாகத் தருவதில்லை’ என்று எழுதினால் கோப்பில் தூங்கும். ‘முந்தைய மாதத்தின் பெயர்வாரியான பி.எஃப். சலான், இ.எஸ்.ஐ. நாள் கணக்கு, வங்கியில் போட்ட சம்பளப் பட்டியல் மூன்றையும் வாங்காமல் இந்த மாத பில்லைப் பாஸ் செய்யாதீர்கள், நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்’ என்று எழுதுங்கள். பெயர்வாரியான பி.எஃப். பட்டியலில் சந்தா இல்லாத நாட்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். லீவே எடுக்காதவர் பெயருக்கு நேரே அங்கே 14 என்றிருந்தால் அதுவே சாட்சி. மனுவின் நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பிறகு அதே காகிதங்களோடு தொழிலாளர் துறைக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. அலுவலகங்களுக்கும் போகலாம்.

ஊசி குத்துவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவில் போட வேண்டிய ஊசியை யாரோ மஞ்சள் பையில் போட்டுவிடுவார்கள்; பையைக் கட்டித் தூக்கும் கைதான் வாங்கும். குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள், ப்ளீச் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே டியூட்டி டாக்டரிடம் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மருந்து 28 நாள். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் மஞ்சள்காமாலை பி தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்கின்றன 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள். காண்ட்ராக்ட் ஆள் என்று இதில் விலக்கு இல்லை.

சம்பவத்தை அன்றே, மணி, வார்டு, பையின் நிறம் உட்பட விபத்துப் பதிவேட்டில் எழுதவைத்து, இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள். பணியிடக் காயத்துக்கு 78 நாள் நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே குத்தினாலும், வேலைக்கு வர முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் உண்டு. பதிவேட்டில் வரி இல்லையென்றால், குத்தியது வார்டில்தான் என்று மூன்று மாதம் கழித்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.