‘கடலுக்கே அனுப்பிவிடுங்கள்’ என்று சொல்வதற்கு முன்

எழுத்தை வாசிப்பதில் தடுமாறும் கற்றல் குறைபாடு (டிஸ்லெக்சியா) இருக்கிறதா என்று சோதிக்க என்னிடம் அழைத்து வந்ததில், இந்தப் பருவத்தில் இது மூன்றாவது பிள்ளை. ஐந்தாம் வகுப்பு. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கரையோர ஊர். அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். “படிப்பு ஏறவில்லையாம் டீச்சர். கடலுக்கே அனுப்பிவிடுங்கள், அங்கே நன்றாகப் பிழைத்துக்கொள்வான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்” என்றார் அம்மா. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு எரிச்சல் மூளுவதே அதனால்தான்.

பையனிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். வரிக்கு அடியில் விரலை ஓட்டி, ஏற்ற இறக்கத்தோடு ஒரு பக்கத்தை வாசித்து முடித்தான். முடித்தபோது விரல் இரண்டு வரி மேலேயே நின்றிருந்தது. நடுவில் ஒரே ஒரு சொல்லை விட்டு மற்றதையெல்லாம் அட்டையால் மறைத்தேன். பையன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். அக்கா சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டே பாடம் முழுவதையும் மனத்தில் ஏற்றி வைத்திருக்கிறான். ‘கொண்டல்’ என்று எழுதிக் காட்டினேன். ‘கெ... கெண்...’ என்று திணறினான். அந்தக் காற்று அடித்தால் அன்றைக்கு வலை எங்கே விடலாம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன்.

பிறகு கணக்கு. பதினேழு கிலோ நண்டு, கிலோ 340 ரூபாய், டீசல் செலவு 900, பாதி வல்லம் என்கிற படகுக்கும் வலைக்கும், மீதி நான்கு பேருக்கு என்றேன். நான் கைபேசியில் பெருக்கலை முடிக்கும் முன்பே “ஆளுக்கு 610” என்றான். இதே கணக்கை வாக்கியமாக அச்சடித்துக் கொடுத்தால் அவனுக்குப் பூஜ்யம்தான் கிடைக்கும். கிடைத்தும் இருக்கிறது.

நான் சலித்துப்போன வாக்கியம் ஒன்று உண்டு: “இவ்வளவு விவரமானவன், மனது வைத்தால் படிக்க மாட்டானா?” மாட்டான். மனது வைத்துக்கொண்டுதான் இருக்கிறான். மற்ற பிள்ளைகள் கண்ணால் செய்யும் வேலையை இவன் முழுப் புத்தகத்தையும் நெட்டுருப் போட்டுச் செய்திருக்கிறான். இதைவிட எவ்வளவு மனதை வைக்க வேண்டும்? எழுத்தையும் ஒலியையும் இணைக்கிற திறன் ஒன்று. யோசிக்கிற திறன் வேறு. முதலாவது தடுமாறினால் இரண்டாவதும் தடுமாற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காது மந்தமானவரைப் பார்த்து ‘இவ்வளவு அழகாகக் கோலம் போடுகிறீர்களே, மனது வைத்தால் கேட்காதா?’ என்று யாராவது கேட்பார்களா? அதே வாக்கியத்தின் மறுபக்கமும் அதே அளவு தவறு: ‘வாசிக்கத் தெரியாதவனுக்கு என்ன புத்திசாலித்தனம்?’ இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே நாளில் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கற்றல் குறைபாடு புதிதாகக் கண்டுபிடித்த நோய் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1896இல் இங்கிலாந்தில், அதுவும் ஒரு கடற்கரை ஊரில், பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். சூட்டிகையான பையன், கணக்கில் விருப்பம் உள்ளவன். தன் பெயரையே ‘பிரெசி’ என்று எழுத்து மாற்றி எழுதியவன். எல்லாவற்றையும் வாய்மொழியாகவே கற்பித்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவனுடைய ஆசிரியர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஆசிரியருக்குப் புரிந்தது நமக்கு இன்னும் புரியவில்லை.

தமிழில் இது ஆங்கிலத்தைப் போல வெளிப்படையாகத் தெரியாது. நம் எழுத்து பெரும்பாலும் ஒலியோடு ஒத்துப்போவதால் தட்டுத்தடுமாறி வாசித்துவிடுவார்கள். வேகம் மட்டும் வராது. கொம்பையும் இரட்டைக்கொம்பையும் மாற்றிப் போடுவார்கள். ‘கொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, காதில் விழுவதோ ஒரே ஒலி, இது எவ்வளவு சிக்கலான ஏற்பாடு என்பது நமக்கு மறந்துபோயிருக்கும். நல்ல மூளை உள்ள பிள்ளை மூன்றாம் வகுப்புவரை ஊகித்தே ஓட்டிவிடும். பாடம் நீண்டு, படமும் குறையும் நான்காம் ஐந்தாம் வகுப்பில் ஊகம் தீர்ந்துபோகும். ஆறாம் வகுப்பில் வரலாறு, அறிவியல், ஆங்கிலம் எல்லாம் சேர்ந்து அமுக்கும்போது ‘திடீரென்று கெட்டுப்போனான்’ என்பார்கள்.

பெண் பிள்ளைகள் என்னிடம் அரிதாகத்தான் வருகிறார்கள். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். பார்த்து எழுதுவது வாசிப்பு ஆகாது. சொல்லச் சொல்ல எழுதவைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

என் துறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அறிவுத்திறன் சோதனையின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ‘சராசரி’ என்று எழுதி அனுப்பாதீர்கள். மேட்டையும் பள்ளத்தையும் கூட்டி வகுத்தால் சமதரைதான் வரும்.

வீட்டில் முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். இரண்டும் சரி என்றால் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ‘ஐம்பது முறை எழுது’ என்ற தண்டனையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தப்பான சொல் ஐம்பது முறை பதியும், அவ்வளவுதான். வகுப்பில் முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். தெரிந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் வாயால் கேளுங்கள். எழுத்துக்குத் தினமும் இருபது நிமிடம், ஒலியிலிருந்து தொடங்கி, திட்டாமல். முக்கியமாக, எழுத்துப் பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று அவனுக்கு வருகிற ஓவியத்தையோ மோட்டார் பிரிப்பதையோ பிடுங்காதீர்கள். கணக்கில் வேகமானவனுக்கு வாய்மொழியாக மேல்வகுப்புக் கணக்கைக் கொடுங்கள்; ‘முதலில் வாசிக்கக் கற்றுக்கொள், அப்புறம் பார்க்கலாம்’ என்று காக்கவைக்காதீர்கள். அந்த ‘அப்புறம்’ வருவதற்குள் அவன் வல்லத்தில் ஏறியிருப்பான். பன்னிரண்டு வயதில் அவன் அங்கே உபயோகமான கை, மறுக்கவில்லை. அவனாக விரும்பிப் போவது வேறு, பள்ளிக்கூடம் தள்ளிவிடுவது வேறு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. எட்டு வயதிலிருந்து சான்றிதழ் பெறலாம்; 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிப்பார்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் அதை வைத்துத்தான். ‘பெயர் கெட்டுவிடும்’ என்று ஒளிக்காதீர்கள் அக்கா. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடி வந்தால் நான் என்ன செய்ய முடியும்? கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், முதலில் அவரைப் பாருங்கள்.

விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் என்னிடம் வருவது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதில் பாதிக்கு மேல் பள்ளி விடுமுறை, ஆசிரியரைப் பிடிக்க முடியாது. ஆகவே பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாமல் கையோடு கொண்டு வாருங்கள். அட்டை போட்ட நல்ல நோட்டு வேண்டாம், கிறுக்கிய ரஃப் நோட்டு போதும். இரண்டாம் வகுப்பு நோட்டு கிடைத்தால் இன்னும் நல்லது.