ஆழ்நாட்டம்: ‘மட்டுப்படுத்தப்பட்ட ஆர்வம்’ ஏன் பிழை

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் அண்மையில் நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் ஆட்டிசம் பற்றிய தமிழ்க் கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். “இக்குழந்தைகளிடம் மட்டுப்படுத்தப்பட்ட ஆர்வங்கள் காணப்படும்” என்று அதில் அச்சாகியிருந்தது. ஒருசில பொருள்களில் மட்டும் இக்குழந்தைகள் மூழ்கிப்போவதைக் குறிக்கும் ‘restricted interests’ என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு அது. இதே தொடரை ஓர் உரையில் கேட்டும், ஒரு மதிப்பீட்டு அறிக்கையின் மொழிபெயர்ப்பில் படித்தும் முன்பே பொறுத்துக்கொண்டவள் நான். இம்முறை பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி என் கையைத் தொட்டு, “எங்க பேரனுக்கு ஆசையே கொறச்சலா இருக்குன்னு எழுதியிருக்காங்களாம்மா?” என்று கேட்டார். அவர் தமிழைச் சரியாகவே படித்திருந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்வத்தின் வேர் ‘ஆர்’. ஆர்தல் என்பது நிறைதல், பொருந்துதல். அன்பு ஆர்வத்தை ஈனும், ஆர்வம் நட்பை ஈனும் என்று அன்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும் அளவுக்கு அது மனிதரை மனிதரோடு சேர்க்கும் சொல்.

‘மட்டு’ என்றால் அளவு. மட்டுப்படுத்துதல் என்றால் மிகுதியைக் குறைத்து அளவுக்குள் கொண்டுவருதல். நீரிழிவு உள்ளவர் இனிப்பை மட்டுப்படுத்துகிறார்; வறட்சிக் காலத்தில் தண்ணீரை மட்டுப்படுத்துகிறார்கள். ஆகவே ‘மட்டுப்படுத்தப்பட்ட ஆர்வம்’ என்று படிக்கும் தமிழருக்கு, இருந்த ஆர்வத்தை யாரோ குறைத்துவிட்டார்கள் என்றுதான் பொருள்படும். ‘படுத்தப்பட்ட’ என்ற செயப்பாட்டு வடிவம் செய்தவர் ஒருவரையும் உள்ளே கொண்டுவருகிறது. குழந்தையின் ஆர்வத்தைக் குறைத்தவர் யார் என்ற கேள்விக்குக் கையேட்டில் விடை இல்லை. மூல நூலோ வேறொன்றைச் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கண்டறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இந்த ஆர்வங்களின் பரப்பு குறுகியது என்றும், அவற்றின் தீவிரம் வழக்கத்துக்கு மாறானது என்றும் இரண்டையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. பரப்பைப் பற்றிய சொல்லை அளவைப் பற்றிய சொல்லாக மாற்றிய மொழிபெயர்ப்பாளர், தீவிரத்தையே அழித்து, மூலத்துக்கு நேர் எதிரான செய்தியைத் தந்துவிட்டார். ‘கட்டுப்படுத்தப்பட்ட ஆர்வம்’ என்று எழுதுவோரும் இதே குழியில்தான் விழுகிறார்கள். அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தத் தொடரை ஒரு தாயிடமோ தாத்தாவிடமோ வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பும் பழக்கம் நம் நலவாழ்வு வெளியீடுகளில் பெருகிவிட்டது. குடும்பத்தார் தங்கள் பிள்ளையை அறிந்துகொள்ள நம்பிப் படிக்கும் எழுத்து அது.

இதற்குப் பேச்சில் புழங்கும் ‘வெறி’ என்ற சொல்லையும் நான் ஏற்கவில்லை. முருகனின் பூசாரியான வேலன் வெறியாடிய சங்க காலத்தில் அது தெய்வம் ஏறிய நிலையைக் குறித்தது. இன்று கேட்பவர் காதில் குடிவெறியும் நாய்வெறியுமே ஒலிக்கின்றன. ‘சிறப்பு ஆர்வம்’ பிழையில்லை, ஆனால் சிறப்புக் கல்வி, சிறப்புக் குழந்தை என்ற வழக்குகளால் அச்சொல் நம்மிடையே குறைபாட்டின் மறுபெயராகிவிட்டது.

என் மகனுக்குப் பதினொரு வயது. அவனுடைய உலகம் பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் ஃபெரி. பழைய ஃபெரிகள் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்தியபோது அவன் சின்னப் பிள்ளை. ஆனாலும் பூலாவ் ரிமாவ், பூலாவ் அங்சா, பூலாவ் உண்டான் என்று ஒவ்வொன்றின் நிறத்தையும் சொல்வான். 2023 ஆகஸ்டில் புதியவை வந்தன. பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நின்றவன், “அம்மா, முன்னாடி எல்லாம் தீவு, இப்ப எல்லாம் விரிகுடா” என்றான். மலாயில் பூலாவ் என்றால் தீவு, தெலுக் என்றால் விரிகுடா. தெலுக் பஹாங், தெலுக் டூயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார்: நான்கும் அப்படித்தான். பலமுறை அதில் பயணம் செய்த எனக்கு அது தோன்றவே இல்லை. முன்பின் தெரியாத எவரிடமும் பேசாத பிள்ளை, துறையில் கயிறு கட்டும் பணியாளரிடம் தானாகச் சென்று மலாயில் பேசிய முதல் பேச்சும் ஃபெரியைப் பற்றியதே. வள்ளுவர் சொன்ன ஆர்வமும் நட்பும் என் கண் முன்னால் அந்த வரிசையிலேயே நிகழ்ந்தன. இதை மட்டுப்பட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நான் முன்வைக்கும் சொல் ஆழ்நாட்டம். ‘நாடு’ என்ற வினையிலிருந்து வந்த நாட்டம், தேடிச் செல்லும் விருப்பத்தைக் குறிக்கும். பழந்தமிழில் கண்ணையும் குறிக்கும். தொல்காப்பியக் களவியல் தலைவன் தலைவியரின் கண்களை ‘நாட்டம் இரண்டும்’ என்கிறது. ஆட்டிச ஆய்வாளர்களான டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென்டி லாசன் ஆகிய மூவரும் 2005இல் எழுதிய கட்டுரை, ஆட்டிசம் உள்ளவரின் கவனம் பலவற்றில் சிதறாமல் சிலவற்றில் ஆழமாகக் குவிகிறது என்று விளக்கியது. கண்ணும் விருப்பமும் ஒரே சொல்லில் உள்ள நாட்டம் அதற்கு இயல்பாகப் பொருந்துகிறது. ‘ஆழ்’ என்ற அடையோ, இறைவனில் ஆழ்ந்தவரை ஆழ்வார் என்று வணங்கிய மொழிக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. கண்டறிதல் அளவுகோலை மொழிபெயர்க்கும்போது பரப்பையும் சொல்லியாக வேண்டும் என்றால், ‘ஒருசில பொருள்களில் மட்டும் ஆழ்நாட்டம்’ என்று எழுதலாம். தீவிரமும் குறுகிய பரப்பும் இரண்டும் அதில் நிற்கின்றன.

கூட்டம் முடிந்ததும் கையேட்டில் அந்த வரியை அடித்து, மேலே இத்தொடரை எழுதிப் பாட்டியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஆமா, எங்க பையனுக்கு மின்விசிறிதான்” என்றார்.